அழிக்கப்பட்டது என்றது திரை

“இடத்தைப் பெருசாக்க எவ்வளவு நேரம் ஆகும், மேடம்?” என்று ஞானதிரவியம் கேட்டார்.

குழந்தைகள் இருதய மருத்துவமனையின் சர்வர் நிரம்பிவிட்டது. காலையிலிருந்து ஒரு ஸ்கேன் படம்கூட உள்ளே ஏறவில்லை. மறுநாள் அறுவைசிகிச்சைக்குக் காத்திருந்த பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. டிஸ்க்கைப் பெரிதாக்கியாயிற்று. ஆனால் அதற்குள் படங்களுக்கென்று எல்லை வகுத்திருந்த பகுதியான பார்ட்டிஷன் பழைய எல்லையிலேயே நின்றது.

எக்ஸ்ரே பிரிவில் தலை நரைத்து, பிறகு கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற்றலாகி வந்தவர் ஞானதிரவியம். அவருக்குக் கற்றுக்கொடுக்க வாய்த்த ஜுலைகா, அவர் மகளைவிட இளையவள். அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை சார் என்பாள்.

ஜுலைகா திருப்பிக் கேட்டாள்.

“பேக்கப் இருக்கா, சார்?”

“தினமும் எடுக்கோம்.”

“திறந்து பார்த்திருக்கீங்களா?”

பார்த்ததில்லை. எடுத்து வைப்பதோடு வேலை முடிந்தது என்றே நினைத்திருந்தார்.

போய்த் திறந்தார். பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒரு பெயருக்குள் நுழைந்தார். காலி. அடுத்ததும் காலி. அதற்கடுத்ததும்.

மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இத்தனை காலமும் வெறும் பெயர்களுக்குக் காவல் இருந்திருக்கிறார்.

ஜுலைகா கடிந்துகொள்ளவில்லை. புதிதாக ஒரு நகல் எடுக்கச் சொன்னாள். அதை வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கிக் கண்ணால் பார்க்கச் சொன்னாள். யாரோ ஒரு குழந்தையின் இருதயம் திரையில் துடித்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

அதன்பின் சர்வரை யாரும் தொடாதபடி நிறுத்திவைத்தாள். பார்ட்டிஷன் டிஸ்க்கின் எந்த எண்ணில் தொடங்குகிறது என்று அவரை உரக்க வாசிக்கச் சொன்னாள். வாசித்தார். மறுபடியும் என்றாள். மறுபடியும் வாசித்தார்.

அவள் ஒரே ஓர் எழுத்தைத் தட்டினாள்.

பார்ட்டிஷன் அழிக்கப்பட்டது என்றது திரை.

நாற்காலி பின்னால் சரிய ஞானதிரவியம் எழுந்துவிட்டார். மேடம் என்பது வாயில் வரவில்லை.

“என்னம்மா செஞ்சுட்டே?”

“எதை அழிச்சேன், சார்?”

“பிள்ளைகளோட படத்தையெல்லாம்…”

“படம் எதையும் நான் தொடல. வேலியைத்தான் பிடுங்கியிருக்கேன்.”

அவர் வாசித்த அதே எண்ணில் புதுத் தொடக்கத்தை இட்டாள். முடிவை டிஸ்க்கின் கடைசிவரை தள்ளினாள். இங்கே பழைய அடையாளம் ஒன்று கிடக்கிறது, நீக்கிவிடலாமா என்று திரை கேட்டது. படங்களுக்கு வழி காட்டுவதே அந்த அடையாளம்தான்; வேண்டாம் என்று பதில் கொடுத்தாள். மாற்றத்தை எழுதினாள். பிறகு உள்ளே இருந்த கோப்பு அமைப்பையும் புது எல்லைவரை விரித்தாள்.

இடம் இரண்டு மடங்காகியிருந்தது. படங்கள் வைத்த இடத்திலேயே இருந்தன.

ஞானதிரவியம் நாற்காலியை நிமிர்த்தினார். உட்காரவில்லை.

“தொடக்கத்துல ஒரு எண் பிசகியிருந்தா?”

“ஒரு படமும் திறந்திருக்காது.”

இவ்வளவு நேரமும் அவள் குரல் ஒரு முறைகூட ஏறி இறங்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“உங்களுக்குப் பயமே கிடையாதா, மேடம்?”

ஜுலைகா கீபோர்டிலிருந்து கையை எடுத்து அவர் முன் விரித்தாள்.

ஏசி குளிரில் அவருக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது. அவள் உள்ளங்கை வியர்வையில் நனைந்து கிடந்தது.