முதல் புகை யார் வீட்டுல?

காலை உள்ள இழு. போர்வையை மூஞ்சி வரைக்கும் இழுத்தா மூச்சு முட்டும்டி செம்பா, கழுத்தோட நிறுத்து. ம், இப்போ கேளு. ஆனா நடுவுல தண்ணி வேணும், உச்சா வருதுன்னா பெரியம்மா அப்படியே எந்திரிச்சுப் போயிடுவேன், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு மாமியாரும் மருமகளும் இருந்தாங்க. மாமியார் பேரு சடைச்சி. மருமக பேரு தெய்வானை. பையன் லாரியில பூண்டு மூட்டை ஏத்திக்கிட்டுப் போனவன், தீபாவளிக்குத்தான் வருவான். ஊரு மலை உச்சியில. புரட்டாசி பொறந்துட்டா மேகம் வாசல்ல வந்து நிக்கும். காத்து ஊஊஊன்னு கதவு இடுக்குல நுழையும்.

அந்த ஊர்ல எல்லா வீட்டுலயும் கணப்பு உண்டு. கணப்புன்னா சோறாக்குற அடுப்பு இல்ல. குளிர்காயுறதுக்குன்னே நடு வீட்டுல மண்ணால கட்டி வச்ச அடுப்பு. அதுல மூட்டினா புகை கூரை மேல அதுக்குன்னே இருக்குற புகைக்கூண்டு வழியா குபுகுபுன்னு போகும், ஊரே பாக்கும். அப்போ ஊரே ஆளுக்கொரு விறகோட அந்த வீட்டுக்குக் குளிர்காய வந்துரும். வரக்காப்பி போட்டுக் குடுக்கணும். நல்ல பழக்கம்தானே?

"ம்."

என்னத்த நல்ல பழக்கம்? எந்த வீட்டுல முதல்ல புகை வருதோ, அந்த வீட்டுக்கு அந்த வருஷம் பூரா "நடுங்கி வீடு"ன்னு பேரு. தண்ணி எடுக்கப் போனாலும் நடுங்கி வீடு, கோயிலுக்குப் போனாலும் நடுங்கி வீடு. போன வருஷம் எதிர்வீட்டு மூக்கையாதான் மாட்டுனாரு. அவரை அதிகமா கேலி பண்ணுனது யாரு தெரியுமா? நம்ம சடைச்சிதான். வாய் அப்படி அவளுக்கு.

அதனால இந்த வருஷம் மூக்கையா சாயங்காலமானா சடைச்சி வீட்டுக் கூண்டையே பாத்துக்கிட்டு நிப்பாரு. "புது மருமக கீழ்நாட்டுப் பொண்ணு, மலைக்குக் கீழ வெயில்ல வளந்தது. அது தாங்காது, மூட்டிப்புடும்"னு சொல்லிக்கிட்டே நிப்பாரு.

தெய்வானை காதுல அது விழுந்துச்சு. 'என்னால அத்தைக்குக் கெட்ட பேரு வரக்கூடாது'ன்னு நெனச்சா. சடைச்சி காதுலயும் விழுந்துச்சு. 'என் மருமகளை எவனும் கேலி பேசக்கூடாது'ன்னு அவ நெனச்சா. ரெண்டு பேரும் வாயைத் தொறந்து சொல்லிக்கிட்டாங்களா? இல்லியே. குளிர்ல விறைச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க, ரெண்டு மக்குங்களும்.

அப்போ ஒரு நாள் தெய்வானை கேட்டா, "அத்தை, குளிருதா?"

"எனக்கா? எனக்கு வேர்க்குது தாயி. உனக்கு?"

"எனக்கும் வேர்க்குது அத்தை."

அப்புறம் தெய்வானை ஒரு யோசனை பண்ணுனா. கொள்ளுப் பயறை எடுத்து உலையில போட்டா. கொள்ளு வேக எவ்வளவு நேரமாகும்? அது வரைக்கும் சோத்து அடுப்பு எரியும்ல? கொள்ளு கொதகொதன்னு கொதிக்குது, ரெண்டு பேரும் அடுப்படியில ஒட்டிக்கிட்டு உக்காந்துட்டாங்க. ஏன் உக்காந்திருக்கோம்னு ஒருத்தரும் சொல்லல. கொள்ளு வெந்து குழைஞ்சு கூழாப் போச்சு. விறகு தீந்துச்சு, மறுபடியும் குளிரு.

தூங்கிட்டியா?

"ம்ம்... இல்ல."

அப்புறம் அடுத்த நாள். படுத்ததும் சடைச்சி தன்னோட கம்பளியை எடுத்து மருமக மேல போட்டா. தெய்வானை தூங்குற மாதிரி நடிச்சா, அப்புறம் மெதுவா எந்திரிச்சு அதை மாமியார் மேல போட்டா. சடைச்சி குறட்டை விடுற மாதிரி கொர்ர்ர்ருன்னு நடிச்சா, அப்புறம் திருப்பி அதை மருமக மேல போட்டா. விடியுற வரைக்கும் கம்பளிதான் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துச்சு. ஒருத்தரும் தூங்கல.

அப்புறம் அதுக்கு மறுநாள், சடைச்சி பாயை விட்டு எந்திரிக்கல. லொக் லொக்னு இருமல். கஞ்சி குடுத்தா வேணாங்குறா. பல்லு டக டக டகன்னு அடிக்குது.

"அத்தை, பல்லு ஏன் அடிக்குது?"

"வெத்தலை மெல்றேன்."

வாயில வெத்தலையே இல்ல. தெய்வானை மாமியார் காலைத் தொட்டுப் பாத்தா. கிணத்துக் கயிறு மாதிரி சில்லுன்னு இருந்துச்சு. அப்போ அவளுக்கு அழுகை வந்துருச்சு. 'பேரு என்ன பெரிய பேரு? இந்த மனுஷிக்கு ஏதாச்சும் ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்?'

அவ்வளவுதான், எந்திரிச்சா. கணப்புல சுள்ளியை அடுக்கி நெருப்பை வச்சு ஊதுனா. ஃபூ... ஃபூ... பத்திக்கிச்சு. புகை குபுகுபுன்னு கூண்டு வழியா மேல போச்சு.

வாசல்ல தட தட தடன்னு சத்தம். ஊரே வந்துருச்சு. எல்லாரும் விறகைப் போர்வைக்குள்ள தயாரா வச்சிருந்திருக்காங்க பாரேன். அத்தனை பேருக்கும் குளிரு. எல்லாருக்கும் முன்னாடி மூக்கையா.

"கீழ்நாட்டுப் பொண்ணு தாங்கலையாக்கும்"னு ஆரம்பிச்சாரு.

தெய்வானை தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அப்போ சடைச்சி சுவரைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு உக்காந்தா.

"யோவ் மூக்கையா, எனக்குத்தான் குளிருச்சு. நான்தான் மூட்டச் சொன்னேன். என்னை வருஷம் பூரா நடுங்கின்னு கூப்பிட்டுக்க, நானும் உன்னைக் கூப்பிட்டவதானே. என் மருமகளை ஒரு வார்த்தை சொன்னே, உனக்குக் காப்பி கிடையாது."

மூக்கையா அவ பக்கம் திரும்புனாரு. சடைச்சி உதடு நீலம் பூத்துக் கெடந்ததை அப்பத்தான் பாத்தாரு. கையில இருந்த விறகைக் கணப்புல வச்சுட்டு, "தள்ளி உக்காரு ஆத்தா, எனக்கும் கை விறைச்சுப் போச்சு"ன்னாரு. காப்பி வந்துச்சு. எல்லாரும் சர்ரு சர்ருன்னு குடிச்சாங்க.

அப்புறம் எல்லாரும் போனதும் தெய்வானை மாமியார் காலை மடியில வச்சுத் தேய்ச்சு விட்டா. "நீங்க மூட்டச் சொல்லவே இல்லையே அத்தை. ஏன் பொய் சொன்னீங்க?"

"மூட்டச் சொன்னேன்னதுதான் பொய் தாயி. குளிருச்சுன்னது நெசம். இத்தனை நாள்ல நான் சொன்ன நெசம் அது ஒண்ணுதான்."

தெய்வானை சிரிச்சா. அழவும் செஞ்சா. "எனக்குந்தான் அத்தை குளிருச்சு"ன்னா.

"தெரியும்டி. இன்னும் ரெண்டு விறகு போடு."

...செம்பா? சரி, அவங்களும் கதகதன்னு தூங்கிட்டாங்க, நீயும் தூங்கிட்ட. கதை அவ்வளவுதான், கண்ணு.