அக்காவின் நார்த்தங்காய் பாட்டில்

"அம்மா, நான் பற்றை விட்டுட்டேன்" என்றாள் செண்பகவல்லி.

தவமணியம்மா நிமிரவில்லை. முறத்தில் உளுந்து. கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"எதை விட்டீங்கக்கா?"

"பாட்டிலை."

கோவில்பட்டியில் பஸ் டிப்போவுக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்ன மடம் அது. தவமணியம்மாதான் குரு. வயது நாற்பத்திரண்டு. சிஷ்யை செண்பகவல்லிக்கு ஐம்பத்தெட்டு. அதனால் குரு சிஷ்யையை "அக்கா" என்பார், சிஷ்யை குருவை "அம்மா" என்பாள். கேட்கிறவர்களுக்குத்தான் குழப்பம். அவர்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒரு சிரமமும் இல்லை.

வாசலில் ஆட்டோ நின்றது. செண்பகவல்லியின் கணவர் சங்கரபாண்டி அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். உள்ளே கண்ணாடி பாட்டில்கள் கிணுகிணுத்தன.

"நூத்தி நாப்பத்திமூணு" என்றாள் செண்பகவல்லி. "மடத்துக்கே வெச்சுக்கோங்க. இனி ஒரு பாட்டிலையும் தொட மாட்டேன்."

இதை அவள் சொன்னது சாதாரண விஷயம் இல்லை. செண்பகவல்லிக்கு இருந்த பாட்டில் கிறுக்கு தெருவுக்கே தெரியும். ஜாம் பாட்டில், தேன் பாட்டில், காபித்தூள் பாட்டில், எது காலியானாலும் அவள் கைக்கு வந்துவிடும். கல்யாண வீட்டில் சாப்பிட்டு வரும்போதுகூடச் சமையல்காரரிடம் கேட்டு இரண்டு பாட்டில் வாங்கி வந்தவள்.

வாங்கி வந்தால் சும்மா வைக்க மாட்டாள். வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைப்பாள். ஒட்டியிருக்கும் தாளைச் சுரண்டுவாள். போகாத பசைக்குத் தேங்காயெண்ணெயும் சமையல் சோடாவும் குழைத்துத் தேய்ப்பாள். ஊறுகாய் வாடை மூடியில்தான் தங்கும் என்று மூடியை மட்டும் மூன்று நாள் மொட்டைமாடி வெயிலில் காயப்போடுவாள். கடைசியில் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஒரு பார்வை. அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்! பெற்ற பிள்ளை முதல் ரேங்க் வாங்கியபோதுகூட அப்படி ஒரு பூரிப்பு வந்ததில்லை என்று சங்கரபாண்டி சொல்வார்.

அப்படிப்பட்டவள் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டிவிட்டாள்.

தவமணியம்மா பெட்டிகளைப் பார்த்தார். பிறகு செண்பகவல்லியின் மடியைப் பார்த்தார். அங்கே ஒரு துணிப்பை இருந்தது.

"அதுல என்ன?"

"அதுவும் ஒரு பாட்டில்தாம்மா."

"அதை விடலையா?"

"அது என்னுது இல்ல. எங்க அக்காவுது."

"அப்ப அக்காகிட்டக் கொடுங்க."

"அதான் முடியல" என்றாள் செண்பகவல்லி. அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள்.

தவமணியம்மா உளுந்தைத் தள்ளி வைத்தார்.

செண்பகவல்லி சொன்னது இதுதான்.

அவள் அக்கா பெயர் உலகம்மாள். இரண்டு தெரு தள்ளி வீடு. அக்கா புருஷன் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தவர். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். வீட்டில் எந்த பாட்டிலில் எதைப் போட்டாலும் ஒரு துண்டுத் தாளில் பெயர் எழுதி ஒட்டிவிடுவார். அவர் தவறிப்போன பிறகு வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள், சாமான்கள் இடம் மாறின, ஒவ்வொரு பாட்டிலாக உடைந்தது. ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதில், "நார்த்தங்காய். உப்பு கம்மி" என்று எழுதியிருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் அக்கா அந்த பாட்டிலில் தங்கச்சிக்கு நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பினாள்.

ஒரு மாதம் கழித்து பாட்டிலை வாங்க வந்தாள்.

"நான் பெருமையா எடுத்து நீட்டுனேம்மா. பாருக்கா, புதுசு மாதிரி இருக்கான்னு கேட்டேன்."

"அக்கா என்ன சொன்னாங்க?"

"ரெண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தா. இதுல இருந்த தாள் எங்கடின்னா. நல்லா ஊறவெச்சு எடுத்துட்டேன்க்கா, துளி பசைகூட இல்லைன்னேன்."

"ம்."

"பாட்டிலை அப்படியே மேடையில வெச்சுட்டுப் போயிட்டா. நாலு வருஷமாச்சு. வாசல்ல கோலம் போடும்போது நான் அந்தப் பக்கம் போனா, உள்ள போயிருவா."

தவமணியம்மா துணிப்பையைப் பார்த்தார்.

"சும்மா பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கக் கூடாதில்லையா? ஏதாவது போட்டுத்தானே கொடுக்கணும்? ஒரு தீபாவளிக்கு அதிரசம் போட்டுக் கொண்டுபோனேன். பாதித் தெருவுல திரும்பிட்டேன். அடுத்த வருஷம் முந்திரிப்பருப்பு. அதுக்கடுத்த வருஷம் மலைத்தேன். எதைப் போட்டாலும், அத்தான் எழுத்துக்கு இதுதான் ஈடான்னு அவ கேக்கிற மாதிரியே இருக்கு. என்னத்தைம்மா போடுறது?"

"இப்ப என்ன அவசரம்?"

"வீட்டைக் காலி பண்றா. வியாழக்கிழமை காலைல ரயில். மகனோட பூனாவுல போய் இருக்கப் போறா. இனி இந்தப் பக்கம் வர மாட்டா. அவளுக்கும் அறுபத்துமூணு. நானும் சாகுற வரைக்கும் அவ முகத்தைப் பார்க்காம இருந்துட்டா என்ன செய்றது?"

அன்றைக்குத் திங்கட்கிழமை.

"என்னத்தைப் போடலாம்னு நீங்களே சொல்லிருங்கம்மா. நீங்க சொன்னா போட்டுக் கொண்டுபோயிருவேன்."

தவமணியம்மா எழுந்தார். பெட்டியைத் திறந்து நூற்று நாற்பத்துமூன்றில் ஒரு பாட்டிலை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் கழுவியிருக்கீங்க" என்றார். உள்ளே போய்விட்டார்.

செண்பகவல்லி அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாள். குரு வெளியே வரவில்லை.

"இதுக்கா ஆட்டோ வெச்சு வந்தோம்?" என்றார் சங்கரபாண்டி.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் செண்பகவல்லி. அவளுக்கும் ஆத்திரமாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. செண்பகவல்லி வீட்டு வாசலில் தவமணியம்மா நின்றார். கையில் நேற்று பெட்டியிலிருந்து எடுத்த பாட்டில்.

செண்பகவல்லி பதறிப்போனாள். குரு யார் வீட்டுப் படியும் ஏறாதவர். மந்திரி வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டுக்கூடப் போகாதவர்.

"வாங்கம்மா, வாங்க! சொல்லியிருந்தா நானே ஓடி வந்திருப்பேனே!"

"கொஞ்சம் சீரகம் இருக்காக்கா?"

"என்னது?"

"சீரகம். ரசத்துக்கு."

"ஐயோ, இருக்கும்மா!"

ஒரு கை போட்டாள். இன்னொரு கை போட்டாள். பாட்டில் கழுத்துவரை போட்டாள். தவமணியம்மா போதும் போதும் என்றார். செண்பகவல்லி கேட்பாளா? மிளகு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். மோர் கரைத்துக் குடிக்கவைத்தாள். குரு தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டு ராஜாமணி கேட்டாள். "மடத்து அம்மாவா வந்துட்டுப் போறாங்க?"

"ஆமா. சீரகம் இல்லைன்னு எங்கிட்டக் கேட்டு வந்தாங்க. இத்தனை வீடு இருக்கு. எங்கிட்டத்தான் கேட்டாங்க."

அன்றைக்கு முழுக்க அவளுக்குக் கால் தரையில் படவில்லை.

புதன்கிழமையும் வந்தார். அதே பாட்டில். கழுவியிருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.

"கொஞ்சம் புளி வேணும்க்கா."

செண்பகவல்லி புளிப்பானையையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கொட்டை எடுத்த பழைய புளியாகப் பார்த்து அமுக்கி அமுக்கி நிரப்பினாள். கேட்டதைக் கொடுப்பதில் இப்படி ஒரு சந்தோஷம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. அதே நேரம், வியாழக்கிழமை நாளைக்குத்தான் என்பதும் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

"அம்மா, எங்க அக்கா நாளைக்குக் கிளம்புறா. என்ன போடணும்னு இன்னும் நீங்க சொல்லவே இல்லையே?"

"நல்ல புளி" என்றார் தவமணியம்மா. போய்விட்டார்.

மத்தியானம் சங்கரபாண்டி சாப்பிட வந்தார். இலை போட்டதும் செண்பகவல்லி ஆரம்பித்தாள்.

"பாவங்க, மடத்துல புளிக்குக்கூட வழியில்ல போல. அம்மா வந்து வாங்கிட்டுப் போனாங்க."

சங்கரபாண்டி சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"புளியா?"

"ஆமா."

"உனக்கு என்ன கிறுக்கா? மடத்துல ஒரு மூட்டை புளி கிடக்கு. போன வாரம் சந்தையில வாங்கி இறக்குனதே நான்தானே?"

"அப்ப சீரகம்?"

"அதுவும் ரெண்டு கிலோ வாங்கிப் போட்டேன்."

செண்பகவல்லி கரண்டியோடு நின்றாள்.

"ரசம் ஊத்தேன்" என்றார் சங்கரபாண்டி.

அவள் ஊற்றவில்லை. கரண்டியை வைத்தாள். அடுப்படிக்குப் போனாள். அலமாரியைத் திறந்து அக்காவின் பாட்டிலை எடுத்தாள். அதற்குள் காலையில் போட்டு வைத்திருந்த கற்கண்டைக் கிண்ணத்தில் கொட்டினாள். பாட்டிலை ஒரு தரம் அலசித் துடைத்தாள்.

"எங்க கிளம்பிட்ட? சாப்பிடலையா நீ?"

"வந்து சாப்பிடுறேன்."

கிளம்பினாளே தவிர, உடனே போய்விடவில்லை. முதல் தெரு முடிவில் நின்றாள். திரும்பினாள். வீட்டு வாசலுக்கு வந்து வெகுநேரம் படியில் உட்கார்ந்தாள். மறுபடி போனாள். இப்படியே மூன்று நடை. எதிர்வீட்டு ராஜாமணி, "என்னக்கா, எதையாவது தொலைச்சுட்டீங்களா?" என்று கேட்டேவிட்டாள்.

மணி ஐந்தரை ஆகிவிட்டது. விளக்கு வைத்துவிட்டால் எந்த வீட்டிலும் மோர் கொடுக்க மாட்டார்கள். அது அவளுக்குத் தெரியும். விளக்கு வைப்பதற்குள் போய்விட வேண்டும் என்று ஓடினாள். ஐம்பத்தெட்டு வயதில், பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல்.

உலகம்மாள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே மூட்டை முடிச்சுகள், கயிறு, பழைய செய்தித்தாள். உலகம்மாள் தரையில் உட்கார்ந்து குத்துவிளக்கைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். தங்கச்சி என்று பார்த்ததும் முகம் இறுகியது.

"என்ன?"

நாலு வருஷம் கழித்து அக்கா வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை.

செண்பகவல்லிக்கு மூச்சு வாங்கியது.

"உறைக்குக் கொஞ்சம் மோர் வேணும்க்கா."

உலகம்மாள் பாட்டிலைப் பார்த்தாள். எந்த பாட்டில் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஏன், உன் வீட்டுல மோர் இல்லையா?"

"இருக்கு."

"பிறகு என்ன?"

செண்பகவல்லி பாட்டிலை நீட்டினாள்.

"நான் செஞ்சதுக்கு ஈடாக் கொடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்லக்கா. நாலு வருஷமாத் தேடிட்டேன். இல்ல. அதான் கேக்க வந்தேன்."

உலகம்மாள் துணி சுற்றிய விளக்கை ஓரமாக வைத்தாள். முட்டியில் கை ஊன்றி எழுந்தாள். செண்பகவல்லி ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

உலகம்மாள் அவள் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினாள். வெடுக்கென்றுதான் பிடுங்கினாள்.

"ஒரு கரண்டி மோருக்கு எம்புட்டுப் பெரிய பாட்டிலைத் தூக்கிட்டு வந்திருக்கா பாரு" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "கூறுகெட்டவளே!"

உள்ளே போனாள். அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. மூக்கைச் சிந்தும் சத்தமும் கேட்டது.

வந்தாள். பாட்டில் நிறைய மோர். கழுத்தில் வழிந்ததைச் சேலை முந்தானையால் துடைத்தாள்.

"எல்லாத்தையும் ஊத்திட்டேன். நாளைக்கு நான் போயிட்டா இங்க யாரு குடிக்கப் போறா?"

செண்பகவல்லி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

உலகம்மாள் பாட்டிலை விடவில்லை. ஒரு பக்கம் பிடித்தபடியே நின்றாள்.

"பாட்டில் என்னுது. ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்குக்கா."

"ஆள்கிட்டக் கொடுத்தனுப்புற சோலியே வேண்டாம். பூனாவுக்கு நீயே கொண்டுவந்து கொடு."