செதில் இல்லாத விருந்தாளி

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடலில், பவளப்பாறைகளுக்கு நடுவே, வரிச்சி என்றொரு குட்டி மீன் இருந்தாள். விரல் நீளம்தான் இருப்பாள். நீல உடம்பு, மூக்கிலிருந்து வால்வரை ஒரு கருப்புப் பட்டை. ஆள் சிறியவள் என்றாலும் அவள் முன்னால் சுறாகூட வாயைத் திறந்துகொண்டு பணிவாக நிற்கும். அவள் செய்த வேலை அப்படி!

மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் பூச்சிகளைக் கொத்தித் தின்பது அவள் வேலை. பல்லிடுக்கில் நுழைவாள். வாய்க்குள் புகுந்து செவுள் வழியாக வெளியே வருவாள். வந்தவருக்கு அரிப்புத் தீரும்; அவளுக்கு வயிறு நிறையும்.

அவள் குடியிருந்த மொட்டைப்பாறைக்கு ஒரு சட்டம் உண்டு. வருகிறவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். முறை வந்ததும் உடம்பைச் சாய்த்து வாயைத் திறக்க வேண்டும். வரிச்சி உள்ளே இருக்கும்வரை அந்த வாய் மூடக் கூடாது. பாறையை விட்டுப் பத்து முழம் தள்ளிப் போனபிறகு யார் யாரைத் தின்றாலும் அது அவரவர் சாமர்த்தியம்!

ஒருநாள் காலையில் பானைவாயர் வந்து நின்றார். அவர் கலவா மீன். ஓர் ஆள் நீளம் இருப்பார், வாய் பானையளவு. அந்தப் பாறைக்கு அவர்தான் நாட்டாமை. வரிச்சி அவருடைய வயிற்றுக்கு அடியில் வேலையாக இருந்தாள். திடீரென்று, "ஐயோ!" என்று அலறித் துள்ளினார் பானைவாயர். வாலடியில் ஒரு துணுக்குச் சதையைக் காணவில்லை.

"அடியே வரிச்சி! கடிச்சிட்டியே!"

"நான் இல்லைங்க பெரியவரே!"

"வேற யாரு கடிப்பா? முந்தாநாள் என்னையும் கடிச்சா! அதுக்கு முன்னால திருக்கையைக் கடிச்சா!" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அது அஞ்சுகம் என்ற கிளிமீன். பவளத்தைக் கொறிக்காத நேரத்தில் ஊர் வம்பைக் கொறிப்பது அவள் வழக்கம்.

"என்னைப் போலவே இன்னொருத்தன் இருக்கான்!" என்றாள் வரிச்சி. "கடற்புழு விட்டுட்டுப் போன பொந்துல ஒளிஞ்சிருக்கான். பின்பக்கமா வந்து கடிச்சிட்டு ஓடிடறான்!"

அது சத்தியமான வார்த்தை. அவன் பெயர் கோரன். அதே நீலம், அதே பட்டை. வரிச்சி வாலை ஆட்டி விருந்தாளிகளை அழைப்பதைப் பார்த்து, அந்த ஆட்டத்தையும் கற்றுக்கொண்டிருந்தான். வித்தியாசம் வாயில்தான். வரிச்சிக்கு வாய் மூக்கு நுனியில். அவனுக்குத் தாடைக்கு அடியில், உள்ளே இரண்டு கோரைப்பல்லோடு.

"கையும் களவுமா பிடிபட்டவங்க எல்லாரும் சொல்ற கதை இது!" என்று சிரித்தாள் அஞ்சுகம்.

பானைவாயர் வரிச்சியை உற்றுப் பார்த்தார். "ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. உன் ஆயுசுல ஒருதரம்கூட நீ யாரையும் கடிச்சதில்லையா?"

வரிச்சி தயங்கினாள். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அது பொய்.

"ஒரே ஒருதரம்," என்றாள். "போன அமாவாசைக்கு. உங்களைத்தான். செதில் மேல இருந்த வழவழப்பு ருசியா இருந்துச்சு, ஆசைப்பட்டுட்டேன். நீங்க சிலிர்த்தீங்க. துடுப்பால தடவிக் குடுத்து மன்னிப்புக் கேட்டேன்."

"பாத்தீங்களா! அவ வாயாலேயே சொல்லிட்டா!" என்று துள்ளினாள் அஞ்சுகம்.

வரிசை முழுக்க முணுமுணுத்தது. பானைவாயருக்கு வாலடி வேறு எரிந்தது. "மதியம் நீர் வத்தற வரைக்கும் உனக்குக் கெடு," என்றார். "நீ சொல்ற அந்த இன்னொருத்தனை எல்லார் கண்ணுக்கும் முன்னால காட்டு. இல்லேன்னா பாறையைக் காலி பண்ணு!"

பாறை போனால் பிழைப்புப் போகும், சட்டம் போகும், வெட்டவெளியில் அவள் யாருக்கோ ஒரு வாய் இரை. ஆனால் மூலையில் ஒதுங்கி அழுகிற ரகம் இல்லை அவள். யோசித்தாள். கோரனை இழுத்து வர அவளுக்குப் பலம் இல்லை. அவனாக வெளியே வர வேண்டும். அவன் வரும்போது ஊர்க் கண்ணெல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

அப்போது தலைக்கு மேலே 'கடகட'வென்று படகுச் சத்தம் கேட்டது. நங்கூரம் மணலில் விழுந்தது. வரிச்சிக்கு உயிர் வந்தது. நேரே பொந்துக்குப் போனாள்.

"கோரா! உள்ளேதான் இருக்கியா?"

"ஓ, அம்மணியா! ஊரே உன்னைத் திட்டுது போல? கேக்கவே குளுகுளுன்னு இருந்துச்சு!"

"விருந்தாளிங்க வர்றாங்க."

"யாரு, அந்தக் குமிழிக்காரங்களா? அவங்க உடம்பெல்லாம் ரப்பரு! என் பல்லு என்னத்துக்கு ஆகும்?"

"கை வெறுங்கைதான். செதில்னு பேருக்குக்கூட ஒண்ணு கிடையாது. நகக்கண்ணைக் கொத்திப் பார்த்திருக்கேன். அவ்வளவு மெத்துனு இருக்கும்!"

கோரனுக்கு எச்சில் ஊறியது. ஆனாலும் சந்தேகம். "இதை எதுக்கு எங்கிட்ட வந்து சொல்றே?"

"நீ வருவியா மாட்டியான்னு பார்க்கத்தான். நீ மாட்டே. பின்பக்கமா வந்து கடிக்கத்தான் உனக்குத் தெரியும். நேருக்கு நேர் நின்னு ஆட்டம் காட்டுற தைரியம் உனக்கு ஏது?"

"யாருக்கு? எனக்கா? உன்னைவிட நான் நல்லா ஆடுவேன்டி!" என்று சீறினான் கோரன். 'கடித்தால்தான் என்ன? பழி எப்போதும்போல இவள் தலையில்தானே விழப்போகிறது!' என்று நினைத்துக்கொண்டான்.

மேலிருந்து இரண்டு மனிதர்கள் இறங்கி வந்தார்கள். முதுகில் சிலிண்டர், வாயில் குழாய், காலில் நீண்ட ரப்பர் துடுப்பு. வழிகாட்டி முன்னால் வந்தான். ஒரு பெண் பின்னால் வந்தாள். வரிசையில் நின்ற அத்தனை மீனும் திரும்பிப் பார்த்தது. மனிதர்கள் வந்தால் வேடிக்கை பார்க்காத மீன் அந்தக் கடலில் கிடையாது.

"பாவம்! மூச்சைக்கூட மூட்டை கட்டி முதுகுல தூக்கிட்டு வருதுங்க!" என்றாள் அஞ்சுகம்.

எதையும் தொடாதே என்று வழிகாட்டி சைகை காட்டினான். அந்தப் பெண் பாறைக்கு எதிரே மணலில் மெல்ல மண்டியிட்டாள். வரிச்சி அவள் முகத்துக்கு நேரே போய் வாலை ஆட்டி ஆடினாள். பெண்ணின் கண் கண்ணாடிக்குள் விரிந்தது. கையை நீட்டி, அசையாமல் வைத்தாள். வரிச்சி கட்டைவிரலில் இறங்கி, நகத்தோரத்துப் பழைய தோலை மெதுவாகக் கொத்தத் தொடங்கினாள்.

கோரனால் அதற்குமேல் பொந்தில் இருக்க முடியவில்லை. ஆடிக்கொண்டே வந்து சுண்டுவிரலில் நின்றான்.

"ஒண்ணு..." என்றாள் அஞ்சுகம். "அட, ரெண்டு!"

ஒரே கையில் இரண்டு வரிச்சி! வரிசையே எட்டிப் பார்த்தது. அத்தனை கண்ணும் தன்மேல் இருப்பது கோரனுக்கும் தெரிந்தது. ஆனால் மெத்தென்ற சதை மூக்குக்கு முன்னால் இருந்தது. ஒரே ஒரு கடிதானே என்று நினைத்தான். கடித்தான்!

அந்தப் பெண் குழாய்க்குள்ளேயே அலறினாள். குமிழிகள் குபுகுபுவென்று மேலே பாய்ந்தன. விரலிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் கசிந்தது. ஆழத்தில் இரத்தம் சிவப்பாகத் தெரியாது. பச்சைப் புகைபோல நீரில் கரைந்தது.

கோரன் பொந்துக்குப் பாய்ந்தான். பொந்தின் வாயில் பானைவாயரின் அகல வால் கிடந்தது.

"ஐயா, நான்தான் வரிச்சி! அவதான் கள்ளி!" என்று கத்தினான் கோரன்.

"அப்படியா? சரி, வா!" என்றார் பானைவாயர். "வரிச்சின்னா என் பல்லைச் சுத்தம் பண்ணு." சொல்லிவிட்டு வாயை ஆவென்று திறந்தார்.

உள்ளே வரிசை வரிசையாகப் பல். கோரன் எட்டிப் பார்த்தான். கடிக்கிறவனுக்கு எல்லோரும் கடிப்பார்கள் என்றுதானே தோன்றும்! பின்வாங்கினான், திரும்பினான், விழுந்தடித்து ஓடினான். அதற்குப் பிறகு அவனை அந்தப் பாறையில் யாரும் பார்க்கவில்லை.

பானைவாயர் திறந்த வாயை மூடாமல் வரிச்சியைப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுங்க பெரியவரே," என்றாள் வரிச்சி. "முதல்ல விருந்தாளி."

அந்தப் பெண் கையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். வரிச்சிக்கு நெஞ்சு உறுத்தியது. தன் வழக்குக்கு ஊர் பேர் தெரியாதவளின் விரலைச் சாட்சி வைத்துவிட்டோமே என்று வெட்கப்பட்டாள். மெல்லக் கிட்டே போய், அடித்துடுப்பால் அவள் மணிக்கட்டைத் தடவினாள். மீண்டும் தடவினாள். வேறு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வழிகாட்டி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினான். 'நலமா?' என்று அர்த்தம். அந்தப் பெண் வரிச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானும் வட்டம் காட்டினாள். கடிபட்ட அதே கையை மறுபடி நீட்டினாள். வரிச்சி காயத்தில் படாமல், மற்ற நான்கு விரல்களையும் சுத்தம் செய்து முடித்தாள்.

அதன்பிறகுதான் பானைவாயரின் வாய்க்குள் நுழைந்து, செவுள் வழியாக வெளியே வந்தாள்.

"உன்னோட ஒரு கடியை நீயே ஒத்துக்கிட்டே," என்றார் பானைவாயர். "அப்படிப்பட்டவ மத்ததை மறைக்க மாட்டான்னு எனக்கு அப்பவே தோணியிருக்கணும். வலி யோசிக்க விடலை. நான்தான் தப்புப் பண்ணிட்டேன் வரிச்சி."

"பல்லுல பூச்சி நிறைய இருக்கு பெரியவரே, நாளைக்கும் வாங்க!" என்று சிரித்தாள் வரிச்சி.

வரிசையின் கடைசியில் அஞ்சுகம் சத்தமில்லாமல் வந்து நின்றாள்.

"வாயைத் திறங்க அக்கா," என்றாள் வரிச்சி. "இந்தத் தடவை பேசுறதுக்கு இல்லை!"

பிறரைப் பார்த்து வேஷம் போட்டுக்கொள்வது எளிது. நல்ல பெயரை மட்டும் அவரவர் நடத்தையால்தான் பெற முடியும்.