ரணகேசரி ஓடிய பாதை

கருங்குன்ற நாடு என்று ஒரு நாடு. நாடு சிறிசு, ராஜா மார்த்தாண்ட பூபதியின் மீசை பெரிசு. அடுத்த நாட்டு ராஜா ஒரு காத தூரத்துக்கு ஓட்டப் பந்தயம் நடத்தினானாம். ஒற்றன் வந்து அதைச் சொன்னதிலிருந்து நம் ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"அவன் ஒரு காதம் ஓடவிட்டால் நான் ஐந்து காதம் ஓடவிடுவேன். அதுவும் மலையிலே" என்றார்.

பிரதானி அனந்தப்பர் எழுந்தார். அரண்மனை வரலாற்றை எழுதியவரே அவர்தான். "மகாராஜா, தங்கள் கொள்ளுப்பாட்டனார் ரணகேசரி, எதிரிப்படையைப் பொட்டல் களத்திலிருந்து உச்சிக்காடு வரை துரத்தினாரே, அதே பாதையில் நடத்துவோம். விடியலில் புறப்பட்டவர், உச்சிப்பொழுது சாய்வதற்குள் மலை ஏறிவிட்டார். மண்ணின் வரலாறு, மக்களின் பங்களிப்பு, இரண்டும் சேர்ந்த பந்தயம்!"

மக்களின் பங்களிப்பு என்றால் என்ன? பாதையில் முள் வெட்டுவது, தண்ணீர் சுமப்பது, கூழ் காய்ச்சுவது எல்லாம் மலை ஊர்க்காரர்கள். அரண்மனையின் பங்களிப்பு, பந்தலில் உட்கார்ந்து பார்ப்பது.

பிரதானி அதோடு நிறுத்தியிருக்கலாம். "இன்னொன்று மகாராஜா. அந்த மலைப்பாதையில் உள்ள ஐந்து ஊர்க்காரர்களும், ரணகேசரி வாய்வார்த்தையாகக் கொடுத்த மானிய நிலம் என்று சொல்லிக்கொண்டு உழுகிறார்கள். செப்பேடு கிடையாது. அவர் வந்துபோனதற்கு அடையாளமாக ஒரு பொருளை ஒவ்வோர் ஊரும் காட்டட்டும், முதலில் ஓடி வருகிறவன் கையில் கொடுத்தனுப்பட்டும். காட்டாத ஊருக்கு நிலம் இல்லை."

அந்த மலையில் ஏலக்காய்த் தோட்டம் போடப் பிரதானியின் மைத்துனன் மூன்று வருஷமாக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். ராஜாவுக்கு மட்டும் தெரியாது.

"அப்படியே ஆகட்டும். பந்தயத்தை உலகப்பன் நடத்தட்டும்" என்றார் ராஜா.

உலகப்பன் அரசவை விகடன். சிரிக்க வைத்துச் சோறு தின்கிறவனுக்கு மலை ஏறுகிற வேலை. முனகிக்கொண்டே பாதை பார்க்கப் போனான். உச்சிக்காட்டில் ஊர்த்தலைவி மாராயி அவனை உட்கார வைத்துக் கேப்பைக்கூழ் கொடுத்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அடையாளம் இல்லாம இல்லை ஐயா. இருக்கிறதுதான் பயமா இருக்கு."

"என்ன இருக்கிறது?"

"கீழே கல்லாத்துல அவரு வாள் கிடக்கு. முள்ளிப்பட்டியில கேடயம். தேனடியில மகுடம். அதுக்கு மேல கருக்கூர் இலந்தை முள்ளுல பட்டு வேட்டி. இங்க வந்து சேர்ந்தப்ப மகராசன் இடுப்புல கோவணம் மட்டுந்தான். எங்க பாட்டன்மாருதான் தானியக் குதிருக்குள்ள எட்டு நாள் ஒளிச்சு வச்சிருந்தாங்க. அந்த நன்றிக்குத்தான் நிலம் கொடுத்தாரு. இதைக் காட்டினா தலை போகும். காட்டலைன்னா நிலம் போகும். நாங்க எங்க ஐயா போவோம்?"

உலகப்பனுக்கு மனம் கேட்கவில்லை. கூழ் குடித்த வீடு அல்லவா? கலயத்தைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான்: "உள்ளதை உள்ளபடி கொடுங்கள், தாயே. வாயை மட்டும் திறக்காதீர்கள். பேச வேண்டியதை நான் பேசிக்கொள்கிறேன்."

பந்தய நாள் வந்தது. முந்தின நாளே பல்லக்கில் மலை ஏறியிருந்த ராஜா, உச்சிக்காட்டுப் பந்தலில் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். ஓட்டக்காரர்கள் விடியலிலேயே பொட்டல் களத்திலிருந்து கிளம்பிவிட்டார்கள். உச்சிப்பொழுது சாய்ந்தது. ஒருவனையும் காணோம். பொழுது இறங்குகிற நேரத்தில் மகுடம் தரித்த ஓர் உருவம் மேடேறி வர, பந்தலில் இருந்தவர்கள் யாரோ ராஜா என்று பதறி எழுந்து கும்பிட்டார்கள். பார்த்தால், ஓலை கொண்டு ஓடும் தூதுவன் கொம்பையன். பாவம், எல்லாவற்றையும் தூக்க இரண்டு கை எப்படிப் போதும்? வாளை இடுப்பில் செருகி, கேடயத்தை முதுகில் கட்டி, மகுடத்தைத் தலையில் கவிழ்த்து, வேட்டியைத் தோளில் போட்டிருந்தான்.

வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக இறக்கி வைத்தான். வாள். கேடயம். மகுடம். வேட்டி. வேட்டியைப் பார்த்ததும் ராஜாவின் மீசை துடித்தது. பிரதானிக்கு வியர்த்துக் கொட்டியது. மாராயி வாய் திறக்காமல் தானியக் குதிர் ஒன்றை உருட்டி வந்து பக்கத்தில் வைத்தாள்.

"இது என்ன குதிர்?" என்றார் ராஜா.

"தங்கள் கொள்ளுப்பாட்டனார் எட்டு நாள் தவம் இருந்த இடம், மகாராஜா" என்றான் உலகப்பன். பிறகு திரும்பினான். "பிரதானியாரே, வரலாறு தெரிந்தவர் நீங்கள். இதெல்லாம் ரணகேசரி கொடுத்ததா, போட்டுவிட்டுப் போனதா?"

போட்டுவிட்டுப் போனார் என்றால் ராஜநிந்தனை. தலை கழுத்தில் நிற்காது. "கொடுத்ததுதான்" என்றார் பிரதானி. "கொடுத்ததேதான்."

"எதிரியை விரட்டிக்கொண்டு போகிற அவசரத்திலும் வாளையும் மகுடத்தையும், ஏன், இடுப்பு வேட்டியையும் ஏழைகளுக்குக் கொடுத்த மகராசன், கால்காணி நிலத்தையா கொடுத்திருக்க மாட்டார்?"

ராஜா ஒரு முறை வேட்டியைப் பார்த்தார், ஒரு முறை குதிர்ப் பக்கம் பார்த்தார். "செப்பேடு எழுதிக் கொடுங்கள். இன்றைக்கே" என்றார் அவசரமாக. மாராயி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

கூட்டம் கலைந்ததும் ராஜா உலகப்பனைக் கிட்டே கூப்பிட்டார். "அது கிடக்கட்டும். கொம்பையனைவிடக் கெட்டிக்கார ஓட்டக்காரன் நாட்டிலேயே இல்லை. அவனாலும் கொள்ளுப்பாட்டனார் வேகத்துக்கு வர முடியவில்லையே, ஏன்?"

"கொம்பையனுக்கு முன்னால் பரிசுதான் இருந்தது, மகாராஜா. அவருக்குப் பின்னால் ஒரு படையே இருந்ததே."

ராஜா முறைத்தார். முறைத்த முறைப்பிலேயே சிரிப்பு பீறிட்டது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, தோளிலிருந்த சரிகைச் சால்வையை எடுத்து அவன் மேல் போட்டார்.

உலகப்பன் சால்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "இது கொடுத்ததுதான் என்று இப்போதே எழுதி வைத்துவிடுங்கள், மகாராஜா."