வைக்கோல்மேட்டுக் கல்வெட்டு

மன்னர் வாய் திறந்தால் மழை பெய்யும் என்று புலவர்கள் பாட, மன்னர்களும் அதை நம்பிய காலம் அது. கேளுங்கள். மருங்கை நாட்டைக் கொற்றமாறன் ஆண்டுவந்தான். அவன் ஊரில் அழிசி என்றொரு கல்தச்சன் இருந்தான்.

ஒருநாள் பகைவர் படை வந்தது. அறுபது வீரர்கள் ஆற்றுத்துறையில் நின்று பொழுது சாயும்வரை மறித்தார்கள். பகைவர் திரும்பிப் போனார்கள். அறுபது பேரில் ஒருவர்கூட வீடு திரும்பவில்லை. அழிசியின் அண்ணன் சேந்தனும் அவர்களில் ஒருவன்.

மன்னன் மட்டும் பக்கத்து மேட்டிலிருந்த வைக்கோற்போருக்குள்ளிருந்து தும்மிக்கொண்டே வெளியே வந்தான். கிரீடத்தில் வைக்கோல் தொங்கியது.

"நம் மன்னரும் ஒரு போர் கண்டார், வைக்கோற்போர்!" என்று ஊர் சிரித்தது. அந்த இடத்துக்கு வைக்கோல்மேடு என்றே பெயர் விழுந்தது.

அண்ணனுக்கு நடுகல் செதுக்க அழிசி உட்கார்ந்தான். அரண்மனைக் காவலன் வந்து நின்றான்.

"இறந்தவர்களுக்குக் கல் நடக் கூடாது. நட்டால், அப்போது மன்னர் எங்கே இருந்தார் என்று எவனாவது கேட்பான்."

அழிசி உளியைக் கீழே வைத்தான்.

ஊர்ச் சிரிப்பை அடக்க மன்னன் முதலில் முரசறையச் சொன்னான். "மன்னர் வைக்கோலுக்குள் ஒளியவே இல்லை!" சங்கதியே தெரியாத மலையோர ஊர்கள், "எந்த வைக்கோல்?" என்று விசாரிக்கத் தொடங்கின.

அடுத்து, தான் யானைமேல் போரிடுவதுபோல் அரண்மனைச் சுவரில் ஓவியம் தீட்டச் சொன்னான். ஓவியர் பயந்துபோய் மஞ்சள் நிறத்தையே தொடவில்லை. பார்க்க வந்த கூட்டமோ, யானையின் காலடிவரை வைக்கோலைத் தேடியது.

மூன்றாவதாக அழிசியை அழைத்தான்.

"மேட்டுப் பாறையில் வெட்டு. மன்னர் வைக்கோலுக்குள் இருந்தார் என்பது பொய்."

அழிசி கைகட்டி நின்றான். "எப்போது இருந்தார் என்பது பொய், வேந்தே? படிப்பவருக்குக் குழப்பம் வரக் கூடாதே."

"ஆற்றுத்துறையில் அறுபது வீரர்கள் மாண்டபோது என்று எழுது."

"எந்த வீரர்கள்? பெயர் இல்லாவிட்டால், மறுப்பே கட்டுக்கதை என்பார்கள்."

மறுப்பு எவ்வளவு நீளமோ அவ்வளவு பலம் என்று மன்னனுக்குத் தோன்றியது. "அறுபது பெயரையும் ஒன்று விடாமல் வெட்டு!"

அழிசி மூன்று மாதம் வெட்டினான். சேந்தன் என்ற பெயரை மட்டும் கொஞ்சம் ஆழமாக வெட்டினான்.

வேலை முடிந்ததும் மாண்டவர்களின் மனைவிமார் பூவோடு வந்தார்கள். எழுத்துத் தெரியாதவர்களின் விரலைப் பிடித்து, அவரவர் கணவன் பெயர்மேல் அழிசி வைத்துக் காட்டினான். அப்போதுதான் அவன் வாய்விட்டு அழுதான்.

காலம் போனது. முரசு கிழிந்தது. ஓவியம் உதிர்ந்தது. கொற்றமாறனும் போய்ச் சேர்ந்தான். பாறை மட்டும் இன்னும் நிற்கிறது. வழிப்போக்கர்கள் படிக்கிறார்கள், அறுபது பேரையும் கும்பிடுகிறார்கள், மன்னனைப் பற்றிய வரி வந்ததும் சிரிக்கிறார்கள்.

உண்மையை மறைக்க நினைவுச்சின்னம் எழுப்புகிறவன், அந்த உண்மைக்கே நினைவுச்சின்னம் எழுப்பிவிட்டுப் போகிறான்.