முற்றத்தில் நான்கு கற்கள்

முதல் வருடம் மடத்து ஆமையைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டார்கள். அது நிலத்து ஆமை. முட்டைகள் தண்ணீரில் விழுந்து அழுகின.

இரண்டாம் வருடம் மடத்து முற்றத்தில் விட்டார்கள். முற்றம் முழுக்கக் கல் பாவியிருந்தது. முட்டைகள் கல்லில் விழுந்து உடைந்தன. எறும்பு தின்றது.

மூன்றாம் வருடம் அது பூச்செடிப் பாத்தியில் தோண்டி ஆறு முட்டை இட்டது. ஆறையும் வெளியே எடுத்துக் கழுவி, மஞ்சள் பூசி, தட்டில் அடுக்கி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்கள். ஒன்றும் பொரிக்கவில்லை.

நான்காம் வருடம் ஆமை எதையும் தின்னாமல் ஒன்பது நாள் சுவரோரமாகவே சுற்றியது. கனகசபாபதி குருவிடம் போனார்.

"சாமி, மூன்று தடவையும் தப்பாகிவிட்டது. இந்தத் தடவையாவது முட்டை மண்ணுக்குள் போக வேண்டும். என்ன செய்யலாம்?"

"மூன்று தடவையும் யார் செய்தது?"

"நாங்கள்தான் சாமி."

"நாங்கள் என்கிறவர் எந்த அறையில் படுக்கிறார்?"

கனகசபாபதிக்கு முகம் சுண்டியது. தாலுகா அலுவலகத்தில் முப்பது வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்று, மடத்துக்குச் சீடராக வந்தவர். குரு அவரைவிடப் பதினோரு வயது இளையவர்.

குரு கடப்பாரையை எடுத்து வந்தார். வெயில் விழும் மூலையில் நான்கு கற்களைப் பெயர்த்தார். முழங்கை ஆழத்துக்கு மண்ணும் மணலும் கலந்து போட்டுத் தண்ணீர் தெளித்தார்.

"இவ்வளவுதான் செய்ய வேண்டியது. இனிமேல் ஒன்றும் செய்யாமல் இரும்" என்றார். அன்றைக்கே வெளியூர் கிளம்பிப் போனார்.

சாயங்காலம் ஆமை அந்த மண்ணுக்கு வந்தது. பின்னங்கால்களால் மாற்றி மாற்றித் தோண்டியது. முற்றம் பெருக்குகிற காத்தாயி தூரத்திலேயே நின்றுவிட்டாள்.

"யாரும் கிட்ட போவாதீங்க ஐயா. ஆள் நிழலைக் கண்டா பாதியில விட்டுரும்."

கனகசபாபதி மூச்சை அடக்கிப் பார்த்தார். பாதிக் குழி தோண்டிவிட்டு ஆமை ஒதுங்கிப் படுத்தது. அவருக்குக் கண் கலங்கியது.

மறுநாள் குருபூஜை; குரு ஊரில் இல்லாததால் பொறுப்பு கனகசபாபதிக்கு. நானூறு பேருக்கு முற்றத்தில் பந்தி. விசேஷ நாளில் மடத்துக்குள் குழி வாய் திறந்து கிடந்தால் ஆகாது என்பது அங்கே வழக்கம்.

"காத்தாயி, அதை மூடிக் கல்லைப் போடு" என்றார் காலையிலேயே.

"இன்னைக்கு அது முட்டை போடும் ஐயா. வலி எடுத்தவ வந்து நிக்கையில கதவைச் சாத்துவாங்களா?"

"ஒரு நாள்தானே? நாளைக்குத் திறந்துவிடலாம்."

"வலிக்கு உங்க நாள் கணக்கு தெரியுமா?"

"பெரிய மருத்துவச்சி! போய் இலை எடுக்கிற வேலையைப் பார்."

அவரே மண்ணைத் தள்ளினார். மிதித்தார். நான்கு கற்களையும் பொருத்தினார்.

மத்தியானம் ஆமை வந்தது. பந்தி வரிசைக்கு நடுவே, கல்லின் மேல் பின்னங்காலைத் தேய்த்தது. நகம் கிழிந்து ரத்தம் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் இடது காலால் அதை நகர்த்தி வைத்தார். அது திரும்பி வந்தது.

அடுத்த நாள் கல்லைப் பெயர்த்தார்கள். ஆமை தோண்டவில்லை. நான்காம் நாள் கால்நடை மருத்துவர் வந்தார். ஊசி போட்டார். ஐந்தாம் நாள் அது செத்தது. மருத்துவர் அறுத்துப் பார்த்தார். உள்ளே ஏழு முட்டை. ஒன்று உடைந்திருந்தது.

குரு திரும்பி வந்தார்.

மடத்தில் எந்த உயிர் போனாலும், அது போன விதத்தை எழுதி, வெளியார் இருவர் முன்னால் வாசிக்க வேண்டும். கனகசபாபதி எழுதினார். மருத்துவர் உட்கார்ந்திருந்தார். குரு காத்தாயியையும் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"பெருக்குகிறவள் எப்படிச் சாட்சி, சாமி?"

"வெளியாள்தானே. வாசியும்."

"முட்டை இட முடியாமல் இறந்தது. குழியை மூடியவர், முற்றம் பெருக்கும் காத்தாயி."

காத்தாயி எழுந்துவிட்டாள்.

"தொடப்பம் என் கையில இருக்கு. அதனால குத்தமும் என் கையிலயா ஐயா?"

குரு கனகசபாபதியைப் பார்த்தார்.

"மண் யாருடைய காலில் ஒட்டியது?"

"சாமி, விசேஷ நாள். வழக்கம்…"

"வழக்கத்துக்குக் கால் இருக்கிறதா?"

கனகசபாபதி பேனாவைத் திறந்தார். ஒரு வரியை அடித்தார். ஒரு வரி எழுதினார். உதடு அசைய வாசித்தார்.

"அவளுக்குக் கேட்கவில்லை" என்றார் குரு. "எழுந்து நின்று வாசியும்."

அவர் எழுந்து நின்றார்.

"குழியை மூடியவர், மாணிக்கவாசகம் மகன் கனகசபாபதி."