உடுமலைக்கு மேலே பறந்த டோர்ட்டியா

வசுமதி மேடம் ஒரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பன்னிரண்டரைக்கு ஈஸ்வரமூர்த்தி அண்ணனின் கையிலிருந்த மக்காச்சோள மாவு மறுபடியும் உடைந்து விழுந்தது.

"லீவு நாள்ல என்ன சமைப்பீங்க?" என்று போன வாரம் அலுவலகத்தில் மேடம் என்னிடம் கேட்டார். சரவணம்பட்டியில் என்னோடு தங்கியிருக்கும் அண்ணன், மெக்சிகோக்காரர்கள் சாப்பிடும் சோள ரொட்டியான டோர்ட்டியாவை வீட்டிலேயே சுடுவார் என்றேன். அண்ணன் என்னிடம் சொன்னதைத்தான் சொன்னேன். மேடம் மெக்சிகோவில் வேலை பார்த்தவர். "ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றேன்" என்றார். என்னை வேலையில் நிரந்தரமாக்கலாமா என்று திங்களன்று எழுதித் தரப்போகிறவரும் அவர்தான்.

"அண்ணே, இதுக்கு முன்னாடி செஞ்சிருக்கீங்கதானே?"

"செஞ்சிருக்கேனாவா?" அண்ணன் சப்பாத்திக் கட்டையைக் கீழே வைத்தார். "உடுமலைல எங்க வீட்ல நான் சுட்ட டோர்ட்டியாவுக்கு அந்தப் பக்கம் பேப்பரை வெச்சா எழுத்துத் தெரியும். அவ்வளவு மெலிசு."

"எங்க மெஸ்ல தோசைக்கே தெரியும்" என்றான் சகாயம். தூத்துக்குடிக்காரன். எங்களோடுதான் தங்கியிருக்கிறான். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியறது அன்னிக்குப் பேப்பர், தம்பி. எனக்கு மறுநாள் பேப்பர் தெரிஞ்சுது."

வெங்காயம் உரிப்பது நின்றது. "அப்ப இந்த மாவு ஏன் அண்ணாச்சி உடையுது?"

"இது கடை மாவு. நான் மக்காச்சோளத்தை வெத்தலைச் சுண்ணாம்பு போட்டு வேக வெச்சு, தோலைத் தேச்செடுத்து அரைச்சவன். சுண்ணாம்பு போட்டாத்தான் மாவு ஒட்டும். எப்படி ஒட்டுச்சுங்கறே? கிரைண்டர் கல்லு மாவை விட்டு வரல. கல்லை இழுத்த எங்க சித்தப்பா ஒட்டிக்கிட்டாரு. சித்தப்பாவை இழுத்த பால்காரரும் ஒட்டிக்கிட்டாரு. அன்னிக்கு ஊருக்கே ஒட்டுனபடிதான் பால் ஊத்துனாரு."

"கிரைண்டரோடயா?"

"கிரைண்டரோட, சித்தப்பாவோட. வரிசையாத்தான் போனாங்க."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "அண்ணே, கொதிக்கிற தண்ணி ஊத்திப் பிசைஞ்சு பாக்கலாமா?"

"தண்ணில என்ன இருக்குது? அமுக்கறதுலதான் இருக்குது. இந்தக் கட்டையெல்லாம் ஆகாது. ரெண்டு பால் கவருக்கு நடுவுல உருண்டையை வெச்சு அமுக்கணும். நான் பொள்ளாச்சி பஸ்ஸை நிறுத்திப் பின் சக்கரத்தை ஏத்தச் சொன்னேன். டிரைவர் வண்டியை எடுக்க எடுக்க அது விரியுது. பஸ் பொள்ளாச்சி போய் நின்னப்பவும் டோர்ட்டியா மேலதான் நின்னுச்சு."

"அதுக்கு ரெண்டு கவர் எப்படிப் பத்தும்?"

"கெட்டிப் பால் கவருப்பா. நல்லா விரியும்."

பேசிக்கொண்டே, உடைந்த மாவையெல்லாம் அள்ளித் தோசைக்கல்லில் போட்டார். நான் வேறு வழியில்லாமல் கிளறினேன். அப்போதுதான் காலிங் பெல் அடித்தது. சகாயம் போய்க் கதவைத் திறந்தான். மேடம் நேராகச் சமையலறை வாசலுக்கே வந்து நின்றார்.

"வாங்க மேடம்" என்றார் அண்ணன். "பொள்ளாச்சி வரைக்கும் ஒரே டோர்ட்டியா போட்டதைச் சொல்லிட்டிருந்தேன்."

மேடம் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அதைச் சுடக் கல்லு?"

"கல்லு எதுக்குங்க? சித்திரை வெயிலு, தார் ரோடு. ஒரு பக்கம் வெந்ததும் உப்புச்சுங்க. நல்ல டோர்ட்டியான்னா உப்பணுமில்லீங்களா?"

"உப்பணும்."

"உப்பி, அப்படியே எழும்பிருச்சுங்க. உடுமலைக் காத்தாலைக்கெல்லாம் மேல போயிருச்சு. அதுல இருந்து வந்த ஆவியில இறக்கையெல்லாம் சுத்தி, அந்த மாசம் பூரா எங்க பக்கம் கரண்டே போகல. பொள்ளாச்சிக்காரங்க ஏணி போட்டு ஏறிக் கோழிக்குழம்பு தொட்டுக்கிட்டாங்க. எங்க ஊர்க்காரங்க தேங்காச் சட்னி. இன்னும் தின்னு முடிக்கல. நடுப்பகுதி மேலதாங்க இருக்குது."

சகாயம் என் கையிலிருந்த கரண்டியை வாங்கி, கல்லில் இருந்ததைத் தட்டில் வழித்து மேடத்திடம் நீட்டினான். மஞ்சள் மஞ்சளாக உதிரி.

மேடம் தட்டைப் பார்த்தார். "இது புட்டு."

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் மேடம் என் பக்கம் திரும்பினார்.

"நீ எதையும் கூட்டிக் குறைச்சுச் சொல்ல மாட்டே. நீ சொல்லு. இது டோர்ட்டியாவா?"

நான் அண்ணனைப் பார்த்தேன். விரலிடுக்கெல்லாம் மாவு, மூக்கு நுனியில் மாவு. காலையிலிருந்து என் வேலைக்காகத்தான் அடுப்படியில் நிற்கிறார்.

"டோர்ட்டியாதான் மேடம்" என்றேன். "மேல இருந்து விழுந்ததுல உடைஞ்சிருச்சு."

சகாயம் கரண்டியைக் கீழே வைத்தான். மேடம் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டு, நிதானமாக மென்றார்.

"பொய். அவ்வளவு உயரத்துல இருந்து விழுந்தா இந்த அளவுக்குக்கூட மிஞ்சாது."

"பால் கவர் மேல விழுந்துச்சுங்க" என்றார் அண்ணன்.

மேடம் இன்னொரு ஸ்பூன் எடுத்தார்.

"நாளைக்கு எழுதறப்ப இந்த ஒரு பொய்யை மட்டும் மறந்துடறேன்" என்றார் என்னிடம். "போய்ச் சர்க்கரை எடுத்துட்டு வா."